கேள்வி பதில்: அந்த மூலைக்கு மட்டும் ஏன் இத்தனை புயல்?

போன இதழ்ல வேதாரண்யம் பக்கத்து மழையைப் பத்தி வந்த ஒரு சின்னக் கேள்விக்கு நாலு வரி பதில் போட்டேன், அவ்வளவுதான் செஞ்சேன், இந்த தடவை வந்த தபால், மெயில், வாட்ஸப் எல்லாத்துலயும் பாதிக்குப் பாதி கோடியக்கரை, புஷ்பவனம், நாலுவேதபதி, ஆறுகாட்டுத்துறைன்னு அந்தப் பக்கத்துக் கேள்வியா வந்து விழுந்திருக்கு. சினிமா கேள்வி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, உங்க ஹீரோ எங்கயும் போயிட மாட்டார். இந்த இதழ் முழுக்க அந்த மூலைக்குத்தான்.

எங்க பொண்ணை நாலுவேதபதியில குடுக்கலாம்னு பேச்சு நடக்குது. பையன் நல்ல பையன், வீடு இருக்கு, தோப்பு இருக்கு. ஆனா சொந்தக்காரங்க எல்லாம் "அது புயல் ஊரு, அங்க போயா குடுக்கப்போற"ன்னு கலவரப்படுத்துறாங்க. எல்லாப் புயலும் ஏன் சார் அங்கயே போகுது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

எல்லாப் புயலும் அங்க போறதில்லம்மா. வங்கக்கடல்ல உருவாகுற புயல்ல நெறைய ஆந்திரா, ஒடிசா, வங்காளதேசம்னு வடக்கால போயிடும். நம்ம கரைக்கு வர்றது பெரும்பாலும் அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள, அதுலயும் நவம்பர்தான் கெட்ட மாசம். 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16, தேதியைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிஞ்சிடும். கணக்குப் போட்டா ஒரு ஆளோட ஆயுசுல ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு பெரிய புயல். அதுக்காக கல்யாணத்தை நிறுத்தணும்னா சென்னையில யாருக்கும் பொண்ணு குடுக்க முடியாது.

ஆனா சொந்தக்காரங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஒரு மேப்பை எடுத்து வச்சுப் பாருங்க. சென்னையிலேர்ந்து தெற்கால இறங்கி வர்ற கடற்கரை கோடியக்கரைக்கு வந்ததும் சட்டுனு மேற்கே திரும்பிடுது. கிழக்க வங்கக்கடல், தெக்க பாக் நீரிணை, நடுவுல மாட்டுன மூலை அது. மத்த கடற்கரை ஊருக்காரங்க புயல்னா ஒரு பக்கம் பாத்தா போதும், இவங்க ரெண்டு பக்கமும் பாக்கணும். தரையும் ரொம்பத் தாழ்வு, கோடியக்கரையில உசரமான இடம்னு எல்லாரும் போய் ஏறிப் பாக்குற ராமர் பாதம் மேடே சில மீட்டர்தான் வரும். அதோட அது காவிரியோட கடைமடை, மேல பெய்யுற மழையெல்லாம் அடப்பாறு, அரிச்சந்திரா நதின்னு வந்து அங்கதான் கடலுக்குப் போகணும், கடல் பொங்கி நிக்கிற நேரத்துல அது வாங்கிக்காது, தண்ணி வயல்லயே நிக்கும்.

ஒரு விஷயம் செய்யுங்க. சம்பந்தம் பேசப்போகும்போது நகை எவ்வளவு, நட்டு எவ்வளவுன்னு பேசுறதுக்கு முன்னாடி அந்த வீட்டை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. அந்தப் பக்கம் முழுக்க பழைய காலத்துல கடல் விட்டுட்டுப் போன மணல்மேடு வரிசை வரிசையா ஓடும், ரோடும் பழைய வீடுகளும் பெரும்பாலும் மேட்டு மேல இருக்கும், ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல தண்ணி நிக்கும். வீடு மேட்டுல இருக்கா பள்ளத்துல இருக்கான்னு பாருங்க. ஒரு ரூமாவது கான்கிரீட் தளம் போட்டிருக்கான்னு பாருங்க, ஆஸ்பெஸ்டாஸும் ஓடும் மட்டும்னா காத்துல பறந்துடும். வீட்டை ஒட்டி தென்னை நிக்குதான்னு பாருங்க. இந்த மூணும் சரியா இருந்தா தாராளமா தாம்பூலம் மாத்துங்க.

எங்க தாத்தா 52 புயல் மாதிரி ஒண்ணு வரவே இல்லம்பார், அப்பா 77தான் பெருசும்பார், நான் 2018 கஜாம்பேன். வீட்ல தினம் சண்டை. தீர்ப்பு சொல்லுங்க.
— ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

நீங்க மூணு பேரும் நாலாவதா ஒண்ண விட்டுட்டீங்க, அதுவும் உங்க ஊர் பக்கத்துப் புயலை! 1955 டிசம்பர் 1, ராஜாமடம். புயல்னு சொல்றதைவிட கடல் வந்ததுன்னு சொல்லணும், தண்ணி மைல் கணக்குல உள்ள புகுந்து நூத்துக்கணக்குல ஜனங்களை வாரிட்டுப் போயிடுச்சு. உங்க ஊர்ப் பெரியவங்க யாராவது இருந்தா கேளுங்க, காத்தைப் பத்தி ஒரு வார்த்தைதான் சொல்லுவாங்க, மிச்சம் பூரா தண்ணியைப் பத்திதான் இருக்கும்.

சரி, தீர்ப்புக்கு வர்றேன். 52ல நாகப்பட்டினத்துகிட்ட கரை ஏறுனதுல 400 பேர் கிட்ட செத்தாங்க. 77ல நாகைக்குத் தெற்கே பத்து கிலோமீட்டருக்குள்ள விடிகாலையில கரை ஏறிச்சு, 560 பேர் செத்தாங்க, ஆடு மாடு மட்டும் 23 ஆயிரம், வீடு இல்லாமப் போனவங்க 10 லட்சம். அந்தப் புயலோட விசேஷம் என்னன்னா கரை ஏறுனதோட அடங்கல, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டையில எல்லாம் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சுது, கடலையே பாக்காத ஊரு அதெல்லாம். இருந்தும் நாடு அதைச் சீக்கிரம் மறந்துடுச்சு, ஏன்னா சரியா ஒரு வாரம் கழிச்சு நவம்பர் 19ஆம் தேதி ஆந்திராவுல திவிசீமாவுல இன்னொரு புயல் வந்து பத்தாயிரம் பேருக்கு மேல சாகடிச்சுடுச்சு, பேப்பர் முழுக்க அங்க போயிடுச்சு.

கஜாவுல உயிர்ச்சேதம் இதோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. காத்து ஒண்ணும் கம்மி இல்ல, அதிராம்பட்டினத்துல 165 கிலோமீட்டர் வரைக்கும் பதிவாச்சு. வித்தியாசம் என்னன்னா புயல் வர்றதுக்கு முன்னாடியே 80 ஆயிரம் பேருக்கு மேல கூட்டிட்டுப் போய் முகாம்ல வச்சுட்டாங்க, ரேடார் இருந்துச்சு, டிவி இருந்துச்சு, எல்லார் கையிலயும் போன் இருந்துச்சு. ஆனா சொத்துன்னு பாத்தா கஜா மாதிரி அடி அந்தப் பக்கம் பட்டதில்ல, லட்சத்துக்கு மேல கரண்டு கம்பம் சாஞ்சுது, தோப்புத் தோப்பா தென்னை போச்சு, சில கிராமத்துல வாரக்கணக்குல கரண்டே இல்ல. அதனால ஆள் கணக்குல உங்கப்பா, மரக் கணக்குல நீங்க, தண்ணிக் கணக்குல 55. தாத்தாவுக்கு வயசு இருக்கு, அவர் சொல்றதையும் ஒத்துக்கிட்டு போங்க.

கஜா அன்னிக்கு நாங்க பட்ட பாடு சொல்லி மாளாது. ஒண்ணு மட்டும் இன்னிக்கி வரைக்கும் புரியல. மொதல்ல வடக்கேர்ந்து பேய்க்காத்து, அப்புறம் திடீர்னு நின்னுடுச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு டார்ச் எடுத்துக்கிட்டு வெளிய வந்தோம், கொஞ்ச நேரத்துல தெக்கேர்ந்து அதைவிட மோசமா அடிச்சுது. ஏன் திரும்பி வந்துச்சு?
— ஒரு வாசகர், தேத்தாகுடி

திரும்பி வரல, ஒரே புயலோட ரெண்டாவது பாதி அது. நம்ம பக்கத்துல புயல்காத்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில சுத்தும், நடுவுல கண்ணுன்னு ஒரு பகுதி, அங்க காத்து இருக்காது, சில சமயம் நட்சத்திரம்கூட தெரியும். கஜா நள்ளிரவு பன்னெண்டரையிலேர்ந்து ரெண்டரைக்குள்ள நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறிச்சு, கண்ணு உங்க தலைக்கு மேலயே போச்சு. கண்ணோட மேற்குப் பக்கத்துல நீங்க இருந்தப்ப காத்து வடக்கேர்ந்து, அது உங்களைத் தாண்டிப் போனதும் நீங்க கிழக்குப் பக்கம் ஆயிட்டீங்க, காத்து தெக்கேர்ந்து. வடக்குக் காத்துக்கு வளைஞ்சு குடுத்து வேர் ஆடிப்போயிருந்த மரமெல்லாம் தெக்குக் காத்துல மொத்தமா படுத்துச்சு. வீடும் அப்படித்தான், ஒரு பக்கம் லூசான கூரையை மறுபக்கத்துக் காத்து தூக்கிடும்.

நடுவுல அமைதியானப்ப வெளிய வர்றதுதான் ரொம்ப ஆபத்து. மாட்டைப் பாக்கப்போனவங்க, பக்கத்து வீட்டைப் பாக்கப்போனவங்கன்னு பாதி வழியில மாட்டிக்குவாங்க. காத்து நின்னா போன்லயோ ரேடியோவுலயோ "புயல் முழுசா கடந்துடுச்சு"ன்னு வர்ற வரைக்கும் உள்ளயே இருங்க. எவ்வளவு நேரம் அமைதி இருக்கும்னு கணக்கு கிடையாது, பத்து நிமிஷமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம்.

இதுல இன்னொரு சமாச்சாரமும் ஒளிஞ்சிருக்கு. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், ராஜாமடம் பக்கம் கடல் தெக்க இருக்கு. புயல் வர்றப்போ வடக்குக் காத்து அந்தக் கடலை கரையை விட்டு தெக்கால தள்ளிவிடும், தண்ணி வாங்கிப் போய் சேறு தெரியும், ஜனங்க சுனாமின்னு ஓடுவாங்க. அது சுனாமி இல்ல, ஆனா அதுக்காக வேடிக்கை பாக்கவும் கூடாது, கண்ணு தாண்டுனதும் தெக்குக் காத்து அதே தண்ணியைத் திருப்பி அடிச்சுக்கிட்டு கொண்டாரும். பாக் நீரிணை ஆழம் இல்லாத கடல், பெரும்பாலான இடத்துல பதினஞ்சு மீட்டர்கூட தேறாது, காத்து தள்ளுற தண்ணிக்கு கீழ போக வழி இல்ல, கரை மேலதான் ஏறணும்.

துறைமுகத்துல 9ஆம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துனா 8ஆம் நம்பரைவிட மோசம்தானே? டிவியில ஏன் யாரும் அர்த்தம் சொல்றதில்ல?
— ஒரு கல்லூரி மாணவி, திருவாரூர்

இல்ல தங்கச்சி, அதான் இல்ல. டிவியில "எட்டுலேர்ந்து ஒன்பதாக உயர்வு"ன்னு பரபரப்பா மியூசிக் போடும்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வரும். 1, 2 எங்கயோ கடல்ல தூரத்துல, 3, 4 துறைமுகத்துக்கு லோக்கலா காத்து மழை எச்சரிக்கை. 5, 6, 7 மூணும் புயல் அபாயம், 8, 9, 10 மூணும் கடும் புயல், பெரும் அபாயம். 11 வந்தா தகவல் தொடர்பே அறுந்து போச்சுன்னு அர்த்தம். 5, 6, 7க்குள்ளயும் 8, 9, 10க்குள்ளயும் வித்தியாசம் பலத்துல இல்ல, புயல் எந்தப் பக்கம் போகுதுங்கிறதுல இருக்கு. 5ம் 8ம் துறைமுகத்தை இடது பக்கம் விட்டுட்டு புயல் போகும், 6ம் 9ம் வலது பக்கம் விட்டுட்டு போகும், 7ம் 10ம் துறைமுகத்து மேலயோ ரொம்பக் கிட்டவோ ஏறும்.

நம்ம கரைக்கு புயல் கிழக்கேர்ந்து மேற்கே வருது. அதோட முதுகுக்குப் பின்னாடி நின்னு பாத்தா வலது பக்கம்னா வடக்கு. வடக்குப் பக்கத்து ஊருக்குத்தான் காத்து கடல்லேர்ந்து கரைக்கு அடிக்கும், கடலும் அங்கதான் ஏறும். ஆக கெழக்க பாத்த கரையில 9ஆம் நம்பர்னா கடல் தண்ணியைப் பத்திக் கவலைப்படணும். நாகை துறைமுகத்துல 8 ஏத்தியிருக்காங்கன்னா புயல் நாகைக்கு வடக்கால போகுதுன்னு அர்த்தம், வேதாரண்யம்காரங்க கொஞ்சம் மூச்சு விடலாம், சீர்காழி, காரைக்கால்காரங்க விடக்கூடாது. மீனவர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது தானா தெரியும், மத்தவங்களுக்கு ஸ்கூல்ல ஒரு பீரியட் எடுத்தா போதும், எடுக்கமாட்டாங்க.

சுனாமியில நாகப்பட்டினம் அவ்வளவு பேரைப் பறிகொடுத்துச்சு, கொஞ்சம் தெற்கால இருக்குற நாலுவேதபதி, புஷ்பவனம் பக்கம் அந்த அளவுக்கு இல்லன்னு சொல்றாங்களே, சாமி காப்பாத்துச்சா மரம் காப்பாத்துச்சா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

ரெண்டையும் நான் குறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா மணலைச் சேத்துக்குங்க.

2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை. சுமத்ராகிட்ட நம்ம நேரம் காலையில ஆறரைக்கு பூமி ஆடிச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல கழிச்சுத்தான் அலை இங்க வந்துச்சு, அந்த ரெண்டு மணி நேரத்துல நமக்கு ஒரு போன் பண்ண ஆள் இல்ல. ஐதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007லதான். நாகை மாவட்டத்துல மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க, தமிழ்நாட்டோட மொத்த இழப்புல முக்காவாசி அது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் எல்லாம் ஆத்து முகத்துவாரத்துல, தாழ்வா, வீட்டுக்கு வீடு ஒட்டுனாப்ல இருக்குற குப்பங்க. வேளாங்கண்ணியில கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம் மறுநாள் காலையில கடற்கரையில நின்னுச்சு.

நாலுவேதபதி கதை தனி. 2002ல அந்த ஊரு ஜனங்க கின்னஸ் சாதனைக்குன்னு ஒரே நாள்ல 80,244 கன்னு நட்டாங்க. நட்டப்போ சுனாமின்னு ஒரு வார்த்தையே நம்மள்ள பல பேருக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு அலை வந்தப்ப சவுக்கும் தென்னையும் வேகத்தை உடைச்சு விட்டுச்சு, ஊர்ல சேதம் கம்மி. பேருக்காக செஞ்சது உயிருக்கு உதவுச்சு, இதை வெளிநாட்டுக்காரங்க எல்லாம் எழுதுனாங்க. ஆனா மரத்துக்கு மட்டும் மாலை போடுறதுல எனக்கு ஒப்புதல் இல்ல. இந்தக் கரையில பல இடத்துல மரத்துக்கு முன்னாடி மணல்மேடு நிக்குது, அடம்பங்கொடி படர்ந்து மணலைப் பிடிச்சு வச்சிருக்கும், அது இருந்த இடத்துல அலை வழி இல்லாம நின்னுச்சு, மேட்டை வெட்டி ரோடு போட்ட இடத்துல, மணல் அள்ளுன இடத்துல சந்து கிடைச்ச மாதிரி உள்ள பாஞ்சுது. கோடியக்கரையைத் தாண்டி பாக் நீரிணைக்குள்ள போனா இலங்கை குறுக்க படுத்திருக்கு, அலையோட நேர் அடி அங்க விழல, அதனாலதான் புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் இழப்பு ரொம்பக் குறைவு. ஆனா கோடியக்கரையில மிச்சம் மீதி நின்னுக்கிட்டிருந்த சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் அந்த அலையிலதான் போச்சு.

கஜாவுல பனை நின்னுச்சு, தென்னை விழுந்துச்சு. ஏன்? எங்க தோப்புல பாதி போச்சு. அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபா குடுத்தாங்க, அது பத்துமா?
— ஒரு விவசாயி, பேராவூரணி

பத்தாதுன்னு தெரிஞ்சுதானே கேக்குறீங்க. அந்த 1,100ல 600 மரத்துக்கு, 500 அதை வெட்டி அப்புறப்படுத்த. நாட்டுத் தென்னை வச்சா காய்க்க ஆறேழு வருஷம், நல்லாக் காய்ப்புக்கு வர பத்து வருஷத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் பையன் படிப்புக்கும் பொண்ணு கல்யாணத்துக்கும் அந்தத் தோப்பு எழுதிக்குடுத்த செக்கு எல்லாம் பவுன்ஸ் ஆன மாதிரிதான். விழுந்த மரத்தை எண்ணிக் காசு குடுத்தாங்க, நிக்கிற மரத்துல கொண்டை முறுக்கிப்போனது எத்தனைன்னு அப்ப யாருக்கும் தெரியல, அது சில மாசம் கழிச்சு குருத்து காஞ்சு செத்துச்சு, அந்தக் கணக்கு விவசாயி மனசுலதான் இருக்கு.

பனை விஷயம். ரெண்டுக்கும் ஆணிவேர் கிடையாது, ஆனா பனையோட வேர் ஆழமா நெருக்கமா எறங்கும், தண்டு இரும்பு மாதிரி. தென்னைக்கு நம்ம பாத்தி கட்டி மேலாப்புல தண்ணி விட்டே வளக்குறோம், அது எதுக்கு ஆழமா போகப்போகுது? மணல் தரை, மழையில ஊறியிருக்கு, மேல பெரிய கொண்டை, குலை குலையா காய், காத்து அதைப் பாய்மரமா புடிச்சுக்கும். பனைக்கு கொண்டை சின்னது. தோப்பை மறுபடி வைக்கிறவங்க கடல் பக்கத்து ஓரத்துல ரெண்டு வரிசை பனை விதை ஊனி வைங்க, செலவே இல்ல. உங்க காலத்துல பலன் வராது, அதுக்காகத்தான் யாரும் வைக்கிறதில்ல. தோப்பு முழுக்க தென்னையாவே வைக்காம மா, முந்திரின்னு கலந்து வச்சவங்களுக்கும் கஜா நஷ்டம்தான், வேதாரண்யத்து மாவும் முல்லையும் போனதை யார் மறுக்க முடியும், ஆனா படுத்த மாமரம் சிலது வெட்டிவிட்டா தழையும், படுத்த தென்னை தழையாது.

புயலுக்கு அப்புறம் கிணத்துத் தண்ணி உப்பாயிடுச்சு. போர் இன்னும் ஆழமா போட்டா நல்ல தண்ணி வருமா?
— ஒரு வாசகி, புஷ்பவனம்

தயவுசெஞ்சு போடாதீங்கம்மா. உங்க ஊர்ல நல்ல தண்ணி மணலுக்குள்ள மேலாக மிதக்குது, கீழ கடல் தண்ணி நிக்குது. நல்ல தண்ணி எடை கம்மி, கடல் தண்ணி எடை கூட, அதனால கலக்காம ஒண்ணு மேல ஒண்ணு நிக்கும். கணக்கு என்னன்னா கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி இருந்தா கீழ சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். அப்ப மோட்டார் போட்டு மேல ஒரு அடி இறக்கிட்டீங்கன்னா கீழேர்ந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஆழமா போடப் போட நேரா உப்புக்குள்ளதான் குழாயை விடுறீங்க. பழைய ஆளுங்க மணல்ல சின்னதா ஊத்து தோண்டி மொண்டு எடுத்தாங்களே, அவங்க கணக்கு தெரியாம செஞ்சாலும் சரியாத்தான் செஞ்சாங்க.

கடல் தண்ணி உள்ள வந்துட்டுப் போன கிணத்தை ஒரேடியா இறைச்சுத் தள்ளாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, மழை ரெண்டு சீசன் பெஞ்சா மேலேர்ந்து கழுவி விடும். குடிக்க கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்தான், அது வர்ற நேரம் பத்தி நான் பேசல, நீங்களே நாலு பக்கம் எழுதுவீங்க. வயல்ல உப்பு ஏறியிருந்தா வரப்பை உசத்தி மழைத்தண்ணியைத் தேக்கி வடிச்சு விடணும், தக்கைப்பூண்டுங்கிற பசுந்தாள் உரச் செடியை விதைச்சு மடக்கி உழணும், சுனாமிக்கு அப்புறம் நாகை பக்கம் அப்படித்தான் நிலத்தை மீட்டாங்க. புயலுக்கு மட்டும்தான் உப்பு வரும்னும் நினைக்காதீங்க, 2016ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சுதே, அடுத்த ஜனவரியில அப்ப மாநிலத்துல இருந்த 32 மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்களே, மேலேர்ந்து அழுத்துற நல்ல தண்ணி இல்லாத அந்த மாதிரி வருஷத்துல காத்து மழை எதுவும் இல்லாமலே உப்பு சத்தம் போடாம உள்ள வரும்.

எங்க பக்கம் பூகம்பம் வருமா?
— ஒரு வாசகர், தோப்புத்துறை

டெல்டா பூரா குறைஞ்ச ஆபத்துப் பகுதின்னுதான் மேப்புல இருக்கு. 2001 செப்டம்பர்ல பாண்டிச்சேரி பக்கம் கடலுக்குள்ள 5.5 அளவுல ஒண்ணு வந்துச்சு, சென்னை வரைக்கும் ஆட்டுச்சு. உங்க கவலை லிஸ்ட்ல இதைக் கடைசியில போடுங்க, இடி மின்னலை அதுக்கு மேல போடுங்க. உப்பளத்துலயும் வயல்லயும் வெட்டவெளியில நிக்கிற ஆளு நீங்கதான் அங்க உசரமான பொருள், மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவுல முப்பது எண்ணி முடியலன்னா வேலையைப் போட்டுட்டு கட்டடத்துக்குள்ள போயிடணும், மரத்தடிக்கு இல்ல.

கஜாவுல கோடியக்கரை குதிரைங்க எல்லாம் செத்துப்போச்சாமே? இப்ப டூர் போனா பாக்க ஏதாவது இருக்கா?
— ஒரு பள்ளி ஆசிரியர், மயிலாடுதுறை

எல்லாம் சாகல. குதிரையும் வெளிமானும் புள்ளிமானும் நெறைய செத்துச்சு, மான் உடம்பு காரைக்கால் கரை வரைக்கும் ஒதுங்குச்சு, அந்தப் படம் பாத்தவங்களுக்குத் தூக்கம் வராது. காடும் தாழ்வான காடு, ஓடி ஒதுங்க மேடு இல்லாத மிருகம் என்ன செய்யும். ஆனா 1967லேர்ந்து சரணாலயமா இருக்குற இடம், வெளிமான் இருக்கு, குதிரை இருக்கு, குளிர்காலத்துல பூநாரை வருது. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க சார், ஜனவரியில போங்க, நவம்பர்ல வேண்டாம். போற வழியில அகஸ்தியம்பள்ளி உப்பளத்தையும் காட்டுங்க, 1930ல ராஜாஜி உப்பு அள்ளுன இடம்னு பாடத்துல வர்றதுதான், ஆனா இன்னிக்கு அங்க வேலை பாக்குறவங்க கிட்டயும் பேசவிடுங்க. புயல் தேவையில்ல, காலம் தவறி ஒரு நாள் மழை பெஞ்சா பாத்தியில விளைஞ்ச உப்பு கரைஞ்சு போயிடும், அன்னிக்குக் கூலியும் போயிடும், அதுக்கு நிவாரணம்னு யாரும் லிஸ்ட் எடுக்கறதில்ல.

எங்கம்மா வெள்ளப்பள்ளத்துல தனியா இருக்காங்க, நான் திருப்பூர்ல வேலை பாக்குறேன். ஒவ்வொரு நவம்பர்லயும் புயல் நியூஸ் வந்தா போன் பண்ணி முகாமுக்குப் போங்கன்னு கெஞ்சுவேன். மாட்டை விட்டுட்டு வரமாட்டேங்குறாங்க. என்ன சொன்னா கேப்பாங்க?
— ஒரு வாசகர், திருப்பூர்

தம்பி, அம்மா பிடிவாதம்னு நினைக்காதீங்க. அவங்களுக்கு அந்த மாடுதான் பேங்க், 77ல மாடு மாடா செத்து மிதந்ததை நேர்ல பாத்தவங்க பேச்சைக் கேட்டு வளந்தவங்களா இருப்பாங்க. "உசுரு முக்கியமா மாடு முக்கியமா"ன்னு போன்ல கத்துனா லைனைக் கட் பண்ணுவாங்க. மாட்டுக்கு என்ன வழின்னு மொதல்ல சொல்லுங்க, அப்புறம் அவங்க தானா கிளம்புவாங்க.

புயலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மேட்டுல இருக்குற சொந்தக்காரங்க வீட்டுக்கு மாட்டை ஓட்டிடலாம், ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கம் யாராவது இருந்தா இப்பவே பேசி வைங்க, புயல் அன்னிக்குப் பேசாதீங்க. முடியலன்னா கடைசி நேரத்துல கயித்தை அவுத்து விட்டுடணும், இதுதான் முக்கியம், வெள்ளத்துல சாகுற மாட்டுல நெறைய கட்டுத்தறியில கட்டுனபடியே சாகுது, அவுத்துவிட்ட மாடு மேட்டைத் தேடிப் போயிடும். கொட்டகைக்குள்ள மட்டும் விட்டுக் கதவைச் சாத்தாதீங்க, ஆஸ்பெஸ்டாஸ் அது மேலயே விழும். காதுல நம்பர் தோடு இல்லாத மாடா இருந்தா கொம்புல பெயின்ட்ல ஒரு அடையாளம் போட்டு, அம்மாவும் மாடும் ஒண்ணா நிக்கிற மாதிரி போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, அப்புறம் தேடவும் நிவாரணம் கேக்கவும் உதவும். ரேஷன் கார்டு, பேங்க் புக்கு, பத்திரம் எல்லாம் ரெண்டு பாலித்தீன் கவர் போட்டு ஒரு பையில தயாரா இருக்கட்டும், மாத்திரையும் அதுலயே.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. நீங்க திருப்பூர்லேர்ந்து 1077 அடிச்சா திருப்பூர் கலெக்டர் ஆபீஸுக்குத்தான் போகும், அதனால நாகை எஸ்டிடி கோடு 04365 சேத்து அடிங்க, இல்லன்னா 1070. அதைவிட, அம்மா பக்கத்து வீட்ல பைக் வச்சிருக்குற ஒரு பையன் நம்பரை வாங்கி வைங்க, தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அவனுக்கு ஒரு சட்டை எடுத்துட்டுப் போங்க.